மெத்தை குழிந்துவிட்டது, கடைக்காரர் கட்டிலில் பிழை என்கிறார்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். பத்து வாரங்களுக்கு முன் கல்முனையில் ஒரு கடையில் 75×60 அங்குல, 6 அங்குலத் தடிப்புள்ள லேடெக்ஸ் மெத்தையை 135,000 ரூபாவுக்கு வாங்கினேன். "நூறு வீதம் இயற்கை றப்பர், 10 வருட வாரண்டி" என்றார்கள். ஆறாவது வாரத்திலேயே நடுவில் குழி விழுந்தது. மணமும் போகவில்லை. முதலில் "கொழும்பிலிருந்து ஆள் வருவார்" என்றார்கள். இப்போது "உங்கள் கட்டில் சரியில்லை" என்கிறார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்றும் அச்சடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பனை நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். பத்து வாரம் போய்விட்டதால் உங்களுக்கு மிச்சம் ஏறக்குறைய மூன்று வாரம்தான். வாரண்டி 10 வருடம் என்பதால் இந்தக் காலக்கெடு நீளாது. கொழும்பு ஆள் வரட்டும் என்று காத்திருந்தே பலர் இந்த வழியை இழக்கிறார்கள். கடையோடு பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும், முறைப்பாட்டை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆனால் கட்டிலைப் பற்றிய வாதத்தை இன்றே சோதித்துவிடுங்கள், விசாரணையிலும் அதைத்தான் சொல்வார்கள். மெத்தையைத் தலைமாடு கால்மாடு மாற்றி 180 பாகை திருப்பிப் போட்டு ஒரு வாரம் படுங்கள். குழி சரி நடுவில் இருந்தால் திருப்பினாலும் அதே இடத்தில்தான் தெரியும், ஆகவே மெத்தையைக் கழற்றி சமதரையில் போட்டும் அளக்க வேண்டும். தரையிலும் குழி இருந்தால் குறை மெத்தையில். தரையில் சமமாகி, கட்டிலில் மட்டும் தாழ்ந்தால் கட்டிலின் மரச்சட்டகத்தைப் பாருங்கள்: நடுத்தாங்கு கால் இல்லாத கட்டிலில் பலகைகள் வளையும், பலகைகளுக்கிடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் லேடெக்ஸ் அதற்குள் இறங்கும். அப்படியென்றால் கடைக்காரர் சொல்வது சரி. தச்சரைக் கூப்பிடுவதே மலிவு.

அளக்கும் முறை இது. யாரும் படுக்காமல் சில மணி நேரம் விட்டு, வெளி உறையின் சிப்பைத் திறந்து (தளர்ந்த உறையே சில வேளை குழி போலக் காட்டும்), ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நூலை இறுக்கிப் பிடித்து, நூலிலிருந்து குழியின் அடிவரை அடிமட்டத்தால் அளவுங்கள். மூன்று இடங்களில், திகதி தெரியப் படம் எடுங்கள். உள் உறையைக் கிழிக்கவோ மெத்தையை வெட்டிப் பார்க்கவோ வேண்டாம். வாரண்டி அட்டையில் எத்தனை அங்குலக் குழி குறையாகக் கருதப்படும் என்று இருக்கும், பல அட்டைகளில் அது ஒரு அங்குலம். அரை அங்குலம் அமுங்குவதைப் புது லேடெக்ஸின் வழமையான படிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். நீள அகலத்தில் கால் அங்குல வித்தியாசத்துக்கும் சண்டை பிடிக்க வேண்டாம்.

மணத்தைப் பிரித்தறியுங்கள். வேகவைத்த றப்பரின் இனிப்புக் கலந்த கந்தக வாடை புதுப் பொருளுக்கு இயல்பு, காற்றாடவிட்டால் சில வாரங்களில் குறையும். கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி வேறு. றப்பர்ப் பால் கெடாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவும் மற்ற இரசாயனங்களும் தொழிற்சாலையில் நன்றாகக் கழுவி உலர்த்தப்படவில்லை என்பதை அது காட்டலாம். மேற்பரப்பு பிசுபிசுத்தால் றப்பர் போதியளவு வேகவில்லை என்று அர்த்தம். கையால் அமுக்கும்போது ஓரிடம் மட்டும் பொத்தென்று இறங்கினால் அச்சில் ஊற்றும்போது காற்று அடைபட்டிருக்கலாம். இவற்றை முறைப்பாட்டில் விவரியுங்கள், "சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: இலவம்பஞ்சு மெத்தையைப் போல முற்றத்து வெயிலில் காயப்போடுவது. வெயில் பட்டால் லேடெக்ஸ் மஞ்சளித்து உதிரும், அதன் பிறகு உற்பத்திக் குறையா உங்கள் கைக்குறையா என்று பிரிக்க முடியாது. நிழலில் சாய்த்து வையுங்கள். மாரிகாலத்தில் இடைவெளியில்லாத பலகையில் போட்டுப் பூஞ்சணம் பிடித்தாலும் இதே சிக்கல்தான்.

"நூறு வீதம் இயற்கை" என்பதை எடையால் ஓரளவுக்குத்தான் சோதிக்கலாம். இந்த அளவு மெத்தையின் கனவளவு ஏறக்குறைய 0.44 கன மீற்றர். அட்டையில் அடர்த்தி கன மீற்றருக்கு 75 கிலோ என்றிருந்தால் உறை நீங்கலாக 33 கிலோ இருக்க வேண்டும். நெல் நிறுக்கும் தராசில் போட்டால் 25 கிலோதான் என்றால் அட்டை பொய் சொல்கிறது. எடை சரியாக இருந்தால் மட்டும் தூய்மை நிரூபணமாகாது, கனம் கூட்டச் சுண்ணத்தூள் கலப்பதும் உண்டு. கலப்பு உறுதியானால் தரம் பற்றிய பொய்யான கூற்றைத் தடுக்கும், அதே நுகர்வோர் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகளையும் முறைப்பாட்டில் சேர்க்கலாம்.

பில்லின் அடிவரிக்கு வருவோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அப்பொருளை வியாபாரமாக விற்பவரிடம் விவரணையின் பேரில் (இன்ன வகை, இன்ன பொருள் என்று சொன்னதை நம்பி) வாங்கும்போது அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் தானாகவே நுழைக்கிறது. வாங்குமுன் நீங்கள் பரிசோதித்திருந்தால் அப்போது கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு இது உதவாது. உள்ளே அடைபட்ட காற்றுக்கு உதவும். வெளிப்படையான உடன்பாட்டால் இந்த நிபந்தனையை விலக்கலாம் என்பது உண்மை. ஆனால் காசு கட்டிய பிறகு கையில் தரும் பில்லில் அச்சடித்த வரி, நீங்கள் சம்மதித்த உடன்பாடு ஆகாது என்று வலுவாக வாதிடலாம். பத்து வருட உத்தரவாதமும் அந்த வரியும் ஒன்றுக்கொன்று முரண். இருந்தாலும் குறையை அறிந்த பிறகும் பேசாமல் பாவித்துக்கொண்டே இருந்தால், நீங்கள் பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு மட்டும் மிஞ்சும்.

ஆகவே இந்த வாரமே கடைக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாங்கிய திகதி, பில் இலக்கம், மெத்தையின் தொடரிலக்கம், அளந்த குழி, முதலில் தொலைபேசியில் அறிவித்த திகதி ஆகியவற்றை எழுதி, "மெத்தையை ஏற்க மறுக்கிறேன், 7 நாட்களுக்குள் மாற்றித் தரவும், அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்" என்று முடித்தால் போதும். தமிழில் எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. பில்லில் வெறும் "மெத்தை 1" என்றிருந்தால் வகையும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழு நாளில் பதிலில்லையென்றால் கடிதப் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, பில், வாரண்டி அட்டை, படங்களோடு அதிகார சபையில் முறைப்பாடு செய்யுங்கள். நீங்கள் மட்டக்களப்பு மாவட்டம், கடை அம்பாறை மாவட்டம் என்பதால் எங்கே கொடுப்பது என்று மலைக்க வேண்டாம், 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். விசாரித்தபின் மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு வழங்கவோ சபை உத்தரவிடலாம். கடை பணியாவிட்டால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம்.

அது பலிக்காவிட்டால் மத்தியஸ்த சபை. இந்த அளவுத் தொகைக்கு, அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் மாவட்ட நீதிமன்றில் வழக்கிட முடியாது. கடை கல்முனையில் இருப்பதால் அந்தப் பகுதிச் சபைக்கே விண்ணப்பியுங்கள்.

தவணைக்கு வாங்கியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள், குறை உங்கள் பக்கம் திரும்பும். மெத்தையை எடுக்க லொறி வந்தால் தொடரிலக்கம், திகதி, "குறைபாட்டுக்காகத் திருப்பி எடுக்கப்பட்டது" என்று எழுதிய கையொப்பத் துண்டு இல்லாமல் ஏற்றவிட வேண்டாம்.