கேமில் வரும் மெட்டே இல்லாத இசையை மணிக்கணக்கில் எப்படிக் கேட்கிறார்கள்?

கேள்வியின் முழு வடிவம் இது: "என் கணவர் வீடியோ கேமில் வரும் இசையைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கேட்கிறார். பாட்டும் இல்லை, மெட்டும் இல்லை, காற்றடிப்பது மாதிரி ஒரே இரைச்சல். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? இல்லை, ஏதாவது மன அழுத்தமா?"

அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்துதான் எழுத உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் என்னையும் இதே கேள்வி கேட்டார்கள். நேரில் அல்ல, என் அம்மாவுக்கு போன் போட்டு. "உங்க பொண்ணுக்கு மனசு ஏதும் சரியில்லையா? இழவு வீட்டுச் சத்தத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு" என்று. அம்மா பயந்துபோய் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தது 'மிஸ்ட்' என்ற கேமின் இசை. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள்.

உங்கள் வீட்டு நிலவரத்தை ஊகித்துத்தான் சொல்கிறேன். புதுக் குடித்தனம், ஒற்றை பெட்ரூம், அவர் ஸ்பீக்கரில் போடுகிறார், உங்களுக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெடுவது நியாயமான குறை, ஹெட்ஃபோன் போடச் சொல்லுங்கள். ஆனால் அதை வியாதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

1999 மே மாதம். எட்டாம் வகுப்பு முடித்த லீவுக்கு உறையூரில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், காலேஜில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்காகப் பெரியப்பா கடன் போட்டு வாங்கிய கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த சிடிகளில் ஒன்று மிஸ்ட். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது, மார்க் கிடையாது. ஆளில்லாத ஒரு தீவில் நீங்கள் தனியாக நிற்பீர்கள். எங்கே போவது, என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மவுஸால் தட்டத் தட்ட ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகலாம். மொத்தம் 2,500 படங்கள் இருக்கும், பெரும்பாலும் அசையாத படங்கள். அலை அடிப்பது, மரத்துக்குள் காற்று புகுவது எல்லாமே காதுக்கு மட்டும்தான். அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டால் அது வெறும் போட்டோ ஆல்பம்.

அந்தத் தீவில் ஒரு விண்கலம் நிற்கும். அதற்கு கரண்ட் கொடுக்கக் கணக்காக 59 வோல்ட் வைக்க வேண்டும். ஒன்று கூடினாலும் ஃப்யூஸ் போய்விடும், டவரில் ஏறிச் சரிசெய்துவிட்டு வர வேண்டும். அதை அண்ணன் பேப்பரில் கணக்குப் போட்டு முடித்துவிட்டான். மாட்டிக்கொண்டது உள்ளே போன பிறகு. விண்கலத்தின் ஒரு கோடியில் பியானோ மாதிரி கட்டைகள். மறு கோடியில் மேலும் கீழும் இழுக்கிற ஐந்து கம்பிகள். தீவில் இருக்கும் நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தில் ஐந்து கட்டைகள் வரிசையாகக் குறித்திருக்கும். அந்தக் கட்டையை அழுத்தி வரும் சுரத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, மறு கோடிக்கு நடந்துபோய், கம்பியை இழுத்து அதே சுரத்தில் நிறுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் கேட்க வழியில்லை. நடந்து போவதற்குள் காதில் இருந்தது கரைந்துவிடும். மூன்று நாள் முயன்றோம். அண்ணன் சிடியைத் தூக்கிப் போட்டுவிடுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

அம்மாயி, அதாவது எங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி, அதே அறையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. அம்மாயியின் அப்பா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அம்மாயி பாடாது, வாசிக்காது, பள்ளிக்கூடமும் மூன்றாவதோடு சரி. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த காது. கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டது: "எத்தனை வாட்டிடா அதையே அமுக்குவ? அதைப் புடிச்சு வச்சுக்கத் தெரியலையா?"

அண்ணன் கட்டையை அழுத்தினான். அம்மாயி "ம்ம்ம்" என்று அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டது. மூச்சு விடும்போது நிறுத்தி, மறுபடி அதே இடத்திலிருந்து. அண்ணன் மவுஸைத் தட்டித் தட்டி மறு கோடிக்குப் போய்க் கம்பியை இழுத்தான். "ஏத்து. இன்னும் ஏத்து. ஏத்துடா. ஆங், தாண்டிட்ட, எறக்கு. கொஞ்சம். நில்லு." இப்படி ஐந்தும். நான்காவதுக்கு மட்டும் இரண்டு தடவை போய்விட்டு வர வேண்டியிருந்தது. ஐந்தும் முடிந்து அண்ணன் லிவரை இழுத்ததும், இருட்டாக இருந்த திரையில் வேறொரு உலகம் தெரிந்தது. நானும் அண்ணனும் கத்திய கத்தலில் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். அம்மாயி கையில் பாதி உருவிய கொத்து அப்படியே இருந்தது.

அன்று சாயந்திரம், அந்த விண்கலத்துப் பக்கம் வருகிற இசையைக் கேட்டுவிட்டு அம்மாயி சொன்னதைத்தான் உங்களுக்குப் பதிலாகச் சொல்ல நினைத்தேன்.

"என்னடா இது, ஒத்து மட்டும் ஊதுறான். நாயனக்காரன் இன்னும் வரலையா?"

நாகசுரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுரத்தை விடாமல் ஊதுவாரே, அந்த ஒத்து. இன்றைக்குப் பெரும்பாலும் சுருதிப் பெட்டி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிற்பாடு நானாக எவ்வளவோ தேடிப் படித்தேன். இந்த இசையைப் பற்றி அம்மாயி சொன்னதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. இதில் நாயனக்காரன் வர மாட்டான். அந்த இடம் விளையாடுகிறவருக்காகக் காலியாக விடப்பட்டது. நீங்கள் கதவைத் திறப்பதும், படி இறங்குவதும், பயந்து நிற்பதும்தான் மெட்டு. உங்களுக்கு அது இரைச்சலாகக் கேட்பதன் காரணமும் இதுவே. உங்கள் கணவர் அந்த இடத்துக்குள் நடந்திருக்கிறார், நீங்கள் நடக்கவில்லை. ஒத்து மட்டும்தான் உங்கள் காதுக்கு வருகிறது.

மிஸ்ட் 1993-ல் அமெரிக்காவில் ஸ்போகேன் பக்கம் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி செய்தது, அவர்கள் கம்பெனி பெயர் சயான். முதலில் அவர்களுக்கு இசையே வேண்டாம் என்ற எண்ணம்தான் இருந்தது. நிஜ வாழ்க்கையில் நாம் நடக்கும்போது பின்னணியில் யாரும் வாசிப்பதில்லையே, இசை வந்தால் தீவு பொய்யாகிவிடும் என்று நினைத்தார்கள். பிறகு ஒரு முறை சேர்த்துப் பார்த்தபோது கூடுதலாக உயிர் வந்தது தெரிந்து மனம் மாறினார்கள். தம்பி ராபினே சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் 40 நிமிட இசை செய்தார். சத்தங்களைப் பார்த்துக்கொண்டவர் கிறிஸ் பிராண்ட்காம்ப். நெருப்பு எரிகிற சத்தத்துக்கு நிஜ நெருப்பைப் பதிவு செய்தால் சரியாக வரவில்லை என்று, கல் பாவிய பாதையில் வண்டியை மெதுவாக உருட்டி அந்தச் சத்தத்தை நெருப்பாக்கினார். மணிக்கூண்டின் மணி ஒரு ஸ்பானரைத் தட்டி எடுத்தது. இதெல்லாம் ஏதோ சும்மா இரைச்சலைப் போட்டு நிரப்பியவர்கள் செய்கிற வேலையா, நீங்களே சொல்லுங்கள்.

மெட்டு ஏன் வைக்கவில்லை என்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சினிமாவில் இந்தக் காட்சி இரண்டு நிமிடம் என்று இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் தெரியாது. நீங்கள் அந்த அறையில் பத்து நொடி நிற்கலாம், எங்களைப் போல மூன்று நாள் நிற்கலாம். நல்ல மெட்டாக இருந்தால் முப்பதாவது தடவை எரிச்சல் வந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காமல், எந்த நொடியில் வெட்டினாலும் அறுந்த மாதிரி தெரியாமல் எழுத வேண்டும். அதோடு, அந்தக் காலத்துச் சாதாரண சிடி டிரைவ் நொடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். படம், சத்தம் எல்லாமே அதற்குள் வந்தாக வேண்டும்.

அவ்வளவு குறைவாக வைத்தும் கதை சொல்லியிருப்பார் ராபின். புத்தகங்களுக்குள் சிறைப்பட்ட இரண்டு சகோதரர்கள் அந்தக் கதையில் உண்டு, சிர்ரஸ், அக்கினார் என்று. போகிற உலகங்களில் இருவருக்கும் அறைகள் இருக்கும், அறைக்கு அறை தனி இசை. இருவரில் யாரை நம்புவது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த அறைக்குள் கால் வைத்ததும் வயிற்றில் ஏதோ செய்யும். நம்பாதே என்று இசை முன்னமே சொல்லிவிடும். 1997-ல் வந்த இரண்டாம் பாகம் 'ரிவன்' இன்னும் ஒரு படி மேலே. ஐந்து சிடி கொண்ட கேம், அதன் இசை அந்தத் தீவுகளின் பாறையிலிருந்தே கசிவது போல இருக்கும். என் கணக்கில் இந்த வகையில் அதுதான் உச்சம். 2001-ல் வந்த மூன்றாவது பாகத்துக்கு ஜாக் வால் ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ் எல்லாம் வைத்துச் செய்தார். பெரிய வேலைதான், நிறையப் பேருக்குப் பிடிக்கும், எனக்கு மட்டும் அதில் நாயனக்காரன் வந்துவிட்டான் என்று தோன்றும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ இளையராஜாவெல்லாம் உனக்கு ஒன்றுமில்லையா" என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம். ராஜா இசையில்தான் வளர்ந்தேன், இன்றைக்கும் காலையில் சமையலறையில் அதுதான் ஓடும். இரண்டுக்கும் வேலை வேறு. நான் சங்கீதம் படித்தவளும் இல்லை. சுரம், சுருதி என்று நான் எழுதியதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். "பொம்பளைங்க எங்க கேம் ஆடுறாங்க, யாரோ எழுதிக் கொடுத்திருப்பாங்க" என்று போன பதிலுக்கு ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை, 59 வோல்ட்டுக்கு எந்தெந்த பட்டனை அழுத்தினோம் என்று எழுதிய நோட்டு என்னிடம் இன்றும் இருக்கிறது.

வேலை நேரத்திலும் இதைத்தான் கேட்பேன். ஆடிட் ஆபீஸில் கணக்கு ஒத்துப் பார்க்கிற வேலை. வார்த்தை உள்ள பாட்டு போட்டால் எண் தப்பும், இது போட்டால் தப்பாது.          

கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணவர் எந்த கேமின் இசையைக் கேட்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மிஸ்ட்டாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 2011-ல் இசைத் தொகுப்பாக வந்த மைன்கிராஃப்டாக இருக்கலாம், அதில் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மெதுவாகப் பியானோ வரும். 2017-ல் வந்த செல்டாவாக இருக்கலாம், அங்கே புல்வெளியில் நடக்கும்போது இரண்டு மூன்று கட்டை மட்டும் தட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். எதுவானாலும், அடுத்த முறை அவர் போடும்போது "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள். "இது எந்த இடத்துல வருது?" என்று கேளுங்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, கையை ஆட்டி, இங்கே ஒரு படி, அந்தப் பக்கம் தண்ணி, இந்தக் கதவு முதலில் திறக்காது என்று சொல்ல ஆரம்பிப்பார். அரைமணி நேரம் ஆகும். நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள், ஸ்பீக்கரும் ஓடட்டும்.