ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகன் மினியாபொலிசில் வேலை பார்க்கிறான். மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைப் பற்றி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். துப்பாக்கி, சம்பளம், கல்வி என்று வரிசையாகப் போட்டு, எதற்கு வாக்களித்தார், எதை வீட்டோ செய்தார் என்று கலந்து எழுதியிருக்கிறார்கள். ஆளுநர் சட்டமன்றத்தில் வாக்களிப்பாரா என்ன? (வாசகி, பிடோக்)

பதில்: வாக்களிக்க மாட்டாரம்மா. அந்தப் பட்டியலில் ஒரே ஆள் பார்த்த இரண்டு வேலைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். வால்ஸ் 2007 முதல் 2019 தொடக்கம்வரை வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தார். வாக்குகளெல்லாம் அந்தக் காலத்தவை. 2019 ஜனவரியில் ஆளுநரானார். அதற்குப் பிறகு மசோதா அவர் மேசைக்கு வரும். அவர் கையெழுத்துப் போடுவார், அல்லது மறுத்துத் திருப்பி அனுப்புவார். அந்த மறுப்புதான் வீட்டோ.

சபையில் 435 பேரில் ஒருவராகக் கை தூக்குவது வேறு. தனி ஆளாக உட்கார்ந்து 'முடியாது' என்று எழுதுவது வேறு. அதனால் முதலில் ஆண்டு என்ன என்று பாருங்கள். துப்பாக்கி விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். கிராமப்புறத் தென் மினசோட்டாவின் உறுப்பினராக இருந்தபோது துப்பாக்கி உரிமைச் சங்கமான என்ஆர்ஏ அவருக்கு 'ஏ' மதிப்பெண் கொடுத்திருந்தது. அதே மனிதர்தான் 2023 மே மாதம், ஆளுநராக, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆண்டைப் பார்க்காமல் படித்தால் ஒன்று பட்டியல் பொய் சொல்கிறது என்று தோன்றும், இல்லாவிட்டால் மனிதர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். இரண்டும் இல்லை. அவர் நிலைப்பாடு மாறியது. மாறியதை வெளிப்படையாகவே சொன்னார்.

இன்னொன்று. அவருடைய முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு வீட்டோகூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது மினசோட்டா செனட் குடியரசுக் கட்சியிடமும் கீழவை அவருடைய ஜனநாயகக் கட்சியிடமும் இருந்தன. அவருக்குப் பிடிக்காத மசோதா கீழவையைத் தாண்டி அவர் மேசைக்கு வந்தால்தானே மறுக்க முடியும்?

நான் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதிப் பிழைத்தவள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று குறித்துக்கொள்வதில் சிரமமே இல்லை. எதிர்த்தவரிடம் காரணத்தைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு. ஒரு வரியில் எழுதித் தாருங்கள் என்றால் பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அமெரிக்க மாநிலங்களில் வழக்கம் என்னவென்றால், மறுத்த ஆளுநர் காரணத்தைக் கடிதமாக எழுதி, மசோதாவோடு அவைக்கு அனுப்புகிறார். அந்தக் கடிதம் பொது ஆவணம், யாரும் படிக்கலாம். பட்டியலை மூடிவைத்துவிட்டு அந்தக் கடிதங்களைப் படிக்கச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம்.

கேள்வி: நான் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறேன் அக்கா. தொழிலாளர் பக்கம் நிற்பவர் என்று பெயர் வாங்கிய அதே வால்ஸ், ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கேட்ட மசோதாவை வீட்டோ செய்தாராமே? எங்களைப் போன்றவர்களுக்கு எதிரி என்றுதானே அர்த்தம்? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது அவருடைய முதல் வீட்டோவைப் பற்றி. 2023 மே 25. அதற்குள் இரு அவைகளும் அவர் கட்சியிடமே வந்துவிட்டன. அந்த முதல் மறுப்பும் சொந்தக் கட்சிக்காரர்கள் கொண்டுவந்த மசோதாமீதே விழுந்தது. அங்கே ஓட்டுநர்களில் நிறையப் பேர் சோமாலியா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்கள். அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே மனசு கேட்கவில்லை. மசோதா சட்டமானால் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரப் பகுதிக்கு வெளியே சேவையை நிறுத்திவிடுவோம் என்று ஊபர் மிரட்டியிருந்தது. கடிதத்தில் வால்ஸ் சொன்ன சாரம் இதுதான்: ஓட்டுநர்களுக்கு நியாயமான ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும், ஆனால் அதற்கு இந்த மசோதா சரியான வழியில்லை.

இப்படிச் சொல்லி மறுப்பவர்கள் எத்தனையோ பேர். சொன்னதோடு கைகழுவிவிட்டாரா என்பதைத்தான் நான் தேடிப் பார்ப்பேன். இவர் அன்றே ஓட்டுநர்களும் நிறுவனங்களும் உட்காரும் குழு ஒன்றை அமைத்தார். நடுவில் மினியாபொலிஸ் நகரமன்றம் பொறுமையிழந்து, 2024 மார்ச்சில் தானே ஒரு கட்டணத்தை நிர்ணயித்தது. அதை மேயர் வீட்டோ செய்தார். மன்றம் 10க்கு 3 என்று அவரையும் மீறி நிறைவேற்றியது. ஊபரும் அதன் போட்டி நிறுவனமான லிஃப்டும் நகரத்தைவிட்டே போய்விடுவோம் என்றன. கடைசியில் அந்த மே மாதம் மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. மைலுக்கு 1 டாலர் 28 சென்ட், நிமிடத்துக்கு 31 சென்ட், அதற்குக் குறையக் கூடாது. செயலியிலிருந்து ஓட்டுநரை நீக்கினால் அவர் முறையிட வழி உண்டு. வேலையில் அடிபட்டால் காப்புறுதி உண்டு. வால்ஸ் கையெழுத்திட்டார்.

ஆகவே எதிரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆண்டு தள்ளிப்போனது ஓட்டுநர் வீட்டில் ஓர் ஆண்டு வாடகை, ஓர் ஆண்டு பள்ளிக்கூடச் செலவு. அதற்கான பொறுப்பு அவருடையதுதான். நிறுவனம் மிரட்டியதும் பின்வாங்கினார் என்று ஓட்டுநர்கள் அன்று கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஈடாக அடுத்த ஆண்டு கிடைத்தது மாநிலம் முழுவதற்குமான சட்டம். இரண்டையும் சேர்த்துத்தான் நான் அவரை எடைபோடுவேன்.

இங்கே சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல், செயலி வழியே வேலை பார்க்கும் உங்களைப் போன்றவர்களுக்கான தள ஊழியர் சட்டம் நடப்பில் இருக்கிறது. வேலையிட விபத்து இழப்பீடு, 1995லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாய மசேநி (மத்திய சேம நிதி) சந்தா உயர்வு, உங்களைப் பிரதிநிதிக்கும் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம், மூன்றும் அதில் உண்டு. நீங்கள் அதற்கு முன் பிறந்தவரென்றால் மசேநி உயர்வுக்கு நீங்களாகத்தான் சம்மதம் தர வேண்டும். ஒருமுறை சம்மதித்தால் திரும்பப் பெற முடியாது. நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியா ஆளுநர் சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை மறுத்தார். சாதியை ஆதரிக்கிறார் என்று எழுதலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: எழுதக் கூடாது. கேவின் நியூசம் 2023 அக்டோபர் 7 அன்று எழுதிய மறுப்புக் கடிதம் மிகச் சின்னது. பூர்வீகம், இனம், மதம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை மாநிலச் சட்டம் ஏற்கெனவே தடைசெய்கிறது, சாதியும் அதற்குள் அடங்கிவிடுகிறது, எனவே இந்த மசோதா தேவையில்லை என்கிறார். சாதியை ஆதரித்து அதில் ஒரு சொல் இல்லை.

அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். அலுவலகத்தில் மேலாளர் குடும்பப் பெயர் கேட்டுத் துருவும்போதோ, விருந்தில் ஒருவரை மட்டும் ஒதுக்கும்போதோ, பாதிக்கப்பட்டவர் மனிதவளத் துறைக்குப் போய் 'பூர்வீகம் என்ற பிரிவுக்குள் இதுவும் வரும்' என்று அமெரிக்க அதிகாரிக்குப் பாடம் நடத்த வேண்டுமா? சட்டத்தில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். மாநில செனட்டர் அய்ஷா வஹாப் கொண்டுவந்த அந்த மசோதா செனட்டில் முதலில் 34க்கு 1 என்று நிறைவேறியது. நாற்பது பேர் கொண்ட செனட்டில் வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 27 பேர் போதும். கீழவையிலும் அதே பங்கு வேண்டும். முயற்சிகூட நடக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஆளுநரின் வீட்டோவை மீறி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. 34 பேர் ஆதரித்தார்கள் என்பது அழகான எண்ணிக்கை. மறுத்த பிறகு அந்த 34 பேரும் என்ன செய்தார்கள் என்றும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு ஆளுநர் இரண்டு எண்களை அடித்து 400 ஆண்டுக்குச் சட்டம் போட்டாராம். கட்டுக்கதையா? (வாசகி, செங்காங்)

பதில்: உண்மை. விஸ்கான்சின் ஆளுநர் டோனி எவர்ஸ், 2023 ஜூலை. அந்த மாநிலத்தில் நிதி மசோதாவின் ஒரு பகுதியை மட்டும் அடித்துவிட்டு மீதியில் கையெழுத்திடலாம். பள்ளிகள் ஒரு மாணவருக்கு இவ்வளவு திரட்டலாம் என்ற வரம்பை ஆண்டுக்கு 325 டாலர் உயர்த்தச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். கடைசி ஆண்டு '2024-25' என்று அச்சாகியிருந்தது. முன்னால் இருந்த '20'ஐயும் நடுவில் இருந்த கோட்டையும் அடித்தார் எவர்ஸ். மிஞ்சியது 2425! வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று அவர் செய்தது செல்லும் என்றது. எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவதை அங்கே 1990லேயே மக்கள் வாக்கெடுப்பில் தடுத்துவிட்டார்கள். எண்களை யாரும் நினைக்கவில்லை.

பள்ளிக்குப் பணம் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு ஆண்டு என்று எழுதிக் கை தூக்கியவர்களின் தாளில் நானூறு ஆண்டு என்று ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. என் கூட்டக் குறிப்பில் யாராவது அப்படிச் செய்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஆளுநர் செய்ததும் வீட்டோதானே? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: பலன் ஏறக்குறைய அதுதான். ஆனால் அமெரிக்க ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், கெடுவும் உண்டு. மினசோட்டாவில் அவை நடக்கும்போது மூன்று நாளில் திருப்பி அனுப்பாவிட்டால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும். இந்திய அரசியல் சாசனத்தின் 200ஆம் பிரிவில் நாள் கணக்கு இல்லை. ஆர்.என். ரவி 2023 நவம்பரில் பத்து மசோதாக்களை, ஒப்புதலை நிறுத்திவைக்கிறேன் என்பதைத் தவிரக் காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பினார். பேரவை மறுபடி நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் இப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. காரணம் சொல்லாத மறுப்பை நான் மறுப்பாகவே மதிக்க மாட்டேன், யார் செய்தாலும்.

கேள்வி: நம் சிங்கப்பூர் அதிபரும் இப்படி மறுக்க முடியுமா? (வாசகி, ஈசூன்)

பதில்: நாட்டின் கடந்தகால நிதியிருப்பு, முக்கியப் பதவி நியமனங்கள் போன்ற சிலவற்றில் மட்டும் அவர் மறுக்கலாம். சாதாரண மசோதாவில் முடியாது. 2009 நிதி நெருக்கடியில் அந்த இருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதன் ஒப்புதல் தந்தார்.

கேள்வி: ஆன்ட்டி, விவாதப் போட்டியில் 'அதிகம் வீட்டோ செய்பவரே உறுதியான ஆளுநர்' என்பதை எதிர்த்துப் பேசுகிறேன். ஒரு நல்ல உதாரணம் வேண்டும். (மாணவர், அங் மோ கியோ)

பதில்: எதிரணி நியூ மெக்சிகோவின் கேரி ஜான்சனைக் கொண்டுவரும். எட்டு ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேல் வீட்டோ. ஆனால் சட்டமன்றம் முழுக்க எதிர்க்கட்சியிடம் இருந்ததையும் சேர்த்துச் சொல்.

பிறகு 1883 நியூயார்க்குக்கு வா. நகர மேம்பால ரயிலில் பத்து சென்ட் கட்டணத்தை ஐந்தாக்கும் மசோதா. மக்கள் கொண்டாடினார்கள். ரயில், பணக்காரர் ஜே கோல்டின் பிடியில் இருந்தது. ஆளுநர் குரோவர் கிளீவ்லண்ட் வீட்டோ செய்தார்: அரசு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, ஒரு தரப்பு மட்டும் அதை மாற்ற முடியாது என்று நீளமாகக் காரணம் எழுதினார். மசோதாவுக்கு வாக்களித்திருந்த இளம் உறுப்பினர் தியடோர் ரூஸ்வெல்ட், எதிர்க்கட்சிக்காரர், அவையில் எழுந்து தான் வாக்களித்தது தவறு என்று சொல்லி ஆளுநர் பக்கம் நின்றார். அந்த ஒரே ஒரு வீட்டோவை எடுத்துக்கொண்டு பேசு, தம்பி. எழுநூறுக்கு அது போதும்.