தலையைப் பிடிக்கிற வேலை

கேள்வி: மெல்பர்னுக்கு வெளியே என் தோழி அல்பாக்கா (ரோமத்துக்காக வளர்க்கிற, ஒட்டக இனத்துப் பிராணி) வளர்க்கிறாள். நவம்பரில் ரோமம் வெட்டுகிறார்களாம், உதவிக்குக் கூப்பிடுகிறாள். கால்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டி வெட்டும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இது கொடுமை இல்லையா? போனால் எனக்கு என்ன வேலை இருக்கும்?
– ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. மனசு கேட்காத ஆள்தான் அங்கே தேவை. விக்டோரியாவில் ஒரு பண்ணைக்கு ஆறு வருஷமாக இந்த வேலைக்குப் போய்வருகிறேன்.

செம்மறியை உட்காரவைத்துப் பிடித்தால் அடங்கிவிடும். அல்பாக்கா அப்படியில்லை, உதைக்கும். மெஷின் ஓடும்போது ஒரு துள்ளல் போதும், தோல் கிழிந்துவிடும். அதனால்தான் முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் இழுத்துக் கட்டி, பாயில் ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்கள். கைதேர்ந்தவர் பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார். வெட்டாமல் விட்டால்தான் கொடுமை. இங்கே கோடையில் 40 டிகிரி அடிக்கும் நாட்களில், அந்த ரோமப் போர்வையோடு நிற்கிற பிராணி செத்தே போகலாம்.

புது ஆளுக்குப் பெரும்பாலும் தலையைப் பிடிக்கிற வேலை கொடுப்பார்கள். மண்டிபோட்டு, ஒரு கை தாடைக்குக் கீழே, இன்னொன்று கழுத்தில். நீங்கள் பதறினால் அதுவும் பதறும். சில 'ம்ம்' என்று முனகும், சில கடைசிவரை அலறும். பெரும்பாலும் அது பிடிபட்ட பயம்தான், வலி இல்லை. அசைபோட்டதைப் பச்சையாகத் துப்பும், நாற்றம் தாங்காது. அதற்காக மூஞ்சியில் பழைய காலுறையை மாட்டுவார்கள். மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அதே நேரத்தில் நகமும் வெட்டிவிடுவார்கள்.

அப்புறம், முதல் நாள் ராத்திரியே எல்லாவற்றையும் கொட்டகைக்குள் அடைத்துவிட வேண்டும். வெளியே நின்றால் மழையிலோ பனியிலோ நனைந்துவிடும். நனைந்த ரோமத்தை வெட்ட முடியாது, மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளையை முதலில், கறுப்பைக் கடைசியில் வெட்டுவதுதான் வழக்கம். என் முதல் வருஷம், வாசலருகே நின்ற காப்பிக்கொட்டை நிறத்துப் பெட்டையை முதலில் இழுத்துவந்துவிட்டேன். பாயையும் சரியாகப் பெருக்கவில்லை. அடுத்து வந்த வெள்ளை ரோமம் முழுக்கப் பழுப்பு இழைகள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு வருஷம் வளர்த்ததைக் கெடுத்துவிட்டேனே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

முதுகும் விலாவும் சேர்ந்த பாகம்தான் உயர்ந்த ரகம். அது தனிப் பையில் போகும். கழுத்து, கால் ரோமம் வேறு பைகளில். அந்தப் போர்வையை ஒருதரம் விரித்துப் பாருங்கள். மேலே புழுதியும் வைக்கோலும். உள்ளே புரட்டினால் நெளிநெளியாகப் பளிச்சென்ற வெள்ளை, பிராணியின் சூடு அதில் இன்னும் இருக்கும். ஆட்டு ரோமம் மாதிரிக் கையில் பிசுக்கு ஒட்டாது.

வெட்டி முடித்து விட்டதும் மற்றவை வந்து மோந்து மோந்து பார்க்கும், ஆளே மாறிப்போயிருக்குமே. குட்டி இருந்தால் தாயிடம் உடனே விடச் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு ஒரு பழைய தலையணை எடுத்துப் போங்கள், தரை கட்டாந்தரை.