கீழே தூறல், மேலே பனி: ஹை டெசர்ட் வாசகர்களின் கேள்விகள்

ஏப்ரல் மாதத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஹை டெசர்ட் பக்கம், அதாவது மலைகளுக்கு வடக்கே உள்ள உயரமான பாலைவனப் பகுதியில், ஒரு குளிர் புயல் எட்டிப் பார்த்தாலே கேள்விகள் குவிந்துவிடும். விக்டர்வில், ஹெஸ்பீரியா, பாம்டேல், லான்காஸ்டர் வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

மலைக்கு அந்தப் பக்கம் சான் பெர்னார்டினோவில் கொட்டித் தீர்க்கிறது. விக்டர்வில்லில் வாசல்கூட நனையவில்லை. மலை உச்சி மட்டும் வெள்ளை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

மலையின் வேலைதான். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ மலைகளில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, கொண்டுவந்த நீரில் பெரும்பங்கை அந்தச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. உங்கள் பக்கம் இறங்கும்போது ஆயிரம் அடிக்குச் சுமார் ஐந்தரை டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் சூடேறி, மிச்சமுள்ள மேகமும் கரைந்துபோகிறது.

வசந்தகாலப் புயலில் எவ்வளவு மழை என்று கேட்பதற்கு முன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தென்மேற்கிலிருந்து வந்தால் ஈரம் அதிகம், மழை பனியாக மாறும் உயரமும் அதிகம். நெவாடா வழியாக நிலத்தின் மேலேயே தெற்கே சறுக்கி வருவதை வானிலைக்காரர்கள் ‘இன்சைட் ஸ்லைடர்’ என்பார்கள். அதில் கடல் ஈரம் குறைவு. குளிரும் காற்றும்தான் அதிகம். காற்று வடக்கிலிருந்து வீசுவதால் இம்முறை பாலைவனச் சரிவு அதை மேலேற்றுகிறது. மலையூரான ரைட்வுட்டில் பனி பெய்துகொண்டிருக்க, கடலோரத்தில் வெயில் அடிப்பதும் உண்டு. மூன்றாவது வகை ‘கட்-ஆஃப் லோ’: மேல்காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியே சுழலும் காற்றழுத்தத் தாழ்வு. பிடித்து இழுத்துச் செல்ல எதுவும் இல்லாததால் நின்ற இடத்திலேயே தள்ளாடும். அது 100 மைல் விலகினால் மழை வேறு ஊருக்குப் போய்விடும். இந்த வகையில் நான்கு நாள் முன்னறிவிப்பை வைத்துப் பயணத்தை முடிவு செய்யாதீர்கள்; கடைசி 24 மணி நேரத்தில் வருவதைப் பாருங்கள்.

‘ஸ்னோ லெவல் 4,500 அடி’, அதாவது அந்த உயரத்துக்கு மேல் பனி விழும் என்கிறது அறிவிப்பு. எங்கள் வீடு 3,400 அடியில். நிம்மதியாகத் தூங்கலாமா?

வீட்டில் தூங்கலாம். ஆனால் காலையில் கஹோன் பாஸ் மலைக்கணவாய் வழியாக வேலைக்குப் போகிறவர் என்றால் அலாரத்தைக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். இன்டர்ஸ்டேட் 15 அங்கே சுமார் 4,200 அடி வரை ஏறுகிறது. அறிவிப்புக்கும் அதற்கும் இடைவெளி 300 அடிதான்; பலத்த மழை ஒன்று வந்தால் போதும், பனி மட்டம் 500 முதல் 1,000 அடி வரை இறங்கிவிடும். விழுகிற பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

பலர் குழம்புவது வேறொன்றில். காற்று உறைநிலையான 32 டிகிரியாக இருக்கும் உயரமும் பனி விழும் உயரமும் ஒன்றல்ல. பனி உருகி மழையாவதற்கு இடம் வேண்டும் என்பதால் பனி மட்டம் பொதுவாக ஆயிரம் அடி கீழே இருக்கும். பாலைவனக் காற்று வறண்டது என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: விழும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகி, காற்றை மேலும் குளிர்விக்கிறது. வெப்பநிலையிலிருந்து ‘ட்யூ பாயின்ட்’டை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை வெப்பநிலையிலிருந்து குறையுங்கள். வெப்பநிலை 39, ட்யூ பாயின்ட் 24 என்றால் வித்தியாசம் 15, அதில் மூன்றில் ஒரு பங்கு 5, விடை 34. தோராயக் கணக்குதான், ஆனால் விடை 34 அல்லது அதற்குக் கீழே வந்தால் தெர்மாமீட்டர் 39 காட்டினாலும் பனியை எதிர்பார்க்கலாம்.

பனி விழுந்த சாலையில் ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று செயின் கட்டுப்பாட்டுப் பலகை வைக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஆல்-வீல் டிரைவ். வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் செயின் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்க வேண்டும். ஆர்-1ல் டிரைவ் சக்கரங்களில், அதாவது என்ஜின் சுழற்றும் சக்கரங்களில், ஸ்னோ டயர் உள்ள கார்களும் இலகு டிரக்குகளும் செயின் மாட்டாமல் போகலாம். ஆர்-2ல் நான்கு சக்கரத்திலும் ஸ்னோ டயர் உள்ள ஃபோர்-வீல், ஆல்-வீல் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. இரண்டிலும் விலக்குப் பெற்ற வண்டியில் செயின் இருந்தாக வேண்டும். சோதனைச் சாவடியில் காட்டச் சொல்வார்கள். ஆர்-3ல் யாருக்கும் விலக்கில்லை. டயரின் பக்கவாட்டில் ‘எம் ப்ளஸ் எஸ்’ என்று இருந்தால் ஸ்னோ டயராக ஏற்பார்கள், ஆனால் டயர் வரிகளின் பள்ளம் 32ல் 6 பங்கு அங்குலமாவது இருக்க வேண்டும். தேய்ந்த டயருக்கு அந்த எழுத்து உதவாது.

செயினை டயர் அளவு பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் காரின் கையேட்டைப் படியுங்கள். சக்கரத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையே இடம் குறைவான வண்டிகளில் மெல்லிய கேபிள் வகைதான் பொருந்தும். ஃப்ரன்ட்-வீல் டிரைவ் என்றால் முன்சக்கரம். ஆல்-வீல் வண்டிக்கு எந்தச் சக்கரம் என்பதைக் கையேடே சொல்லும். வீட்டு முற்றத்தில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள், கையுறையோடு. மாட்டியதும் சில நூறு அடி மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இந்தப் படியைத் தவறவிடுவதால்தான் செயின் தளர்ந்து பிரேக் குழாயையும் ஃபெண்டரையும் அடிக்கிறது. வேகம் மணிக்கு 25–30 மைலைத் தாண்டக்கூடாது. வெறும் தார் தெரிந்ததும் பாதுகாப்பான இடத்தில் கழற்றிவிடுங்கள்.

ஆல்-வீல் டிரைவ் வண்டியைக் கிளப்புவதற்கு உதவும். பிரேக் போடும்போது உங்கள் வண்டியும் மற்ற வண்டிகளைப் போலத்தான் வழுக்கும். சாலை நிலவரத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் இணைய வரைபடம் குவிக்மேப் போதும்.

கால் அங்குல மழைக்கு வெள்ள எச்சரிக்கையா? மிகையாகத் தெரிகிறதே.

கால் அங்குலம் ஆறு மணி நேரத்தில் பெய்தால் மிகைதான். இருபது நிமிடத்தில் பெய்தால் அப்படிச் சொல்ல முடியாது. செடி குறைந்த, இறுகிய மண் அந்த வேகத்தில் நீரை உறிஞ்சாது. அது வறண்ட ஓடைகளில், ‘வாஷ்’ என்கிறார்களே, அங்கே சேர்ந்து ஓடுகிறது. மழை மலையில், வெள்ளம் உங்கள் தெருவில் என்றும் நடக்கும். தீ எரிந்த சரிவுகள் இன்னும் மோசம்: எரிந்த தாவரங்களின் மெழுகுப்பொருள் மண்ணில் படிந்து நீரைத் தள்ளிவிடுகிறது. 2024 செப்டம்பரில் பிரிட்ஜ் ஃபயர் என்ற காட்டுத்தீ எரித்த ரைட்வுட் சுற்றுப்புறச் சரிவுகளுக்குக் கீழே இருப்பவர்கள் எச்சரிக்கையைக் கேலி செய்யாதிருப்பது நல்லது.

ஓடும் நீர் ஆறு அங்குலம் இருந்தால் ஆளைத் தள்ளும். ஓரடி பெரும்பாலான கார்களை இழுக்கும். இரண்டடி எஸ்யூவியையும் விடாது. சாலை பள்ளமாக இறங்கி ஓடையைக் கடக்கும் இடத்தில் கலங்கிய நீர் ஓடினால் ஆழமும் தெரியாது, அடியில் சாலை மிச்சம் இருக்கிறதா என்பதும் தெரியாது. திரும்பிவிடுங்கள்.

மழைக்கு முன் புழுதி. முன்னே எதுவும் தெரியாவிட்டால் ஹெட்லைட் போட்டு மெதுவாகப் போகலாமா?

கூடாது. சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் பாதை என்று நேராக வந்து மோதுவார்.

பின்கட்டில் ஆப்பிளும் பீச்சும் பூத்து நிற்கின்றன. புயல் இரவில் போர்த்தி வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த இரவு கருகிவிட்டது. எப்படி?

புயல் இரவில் மேகம் நிலத்தின் வெப்பத்தைப் பிடித்து வைத்திருந்தது, காற்றும் அடுக்குகளைக் கலக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வானம் தெளிந்து, காற்று நின்றதும் வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விட்டது. நீங்கள் போர்த்த வேண்டியது அந்த இரண்டாம் இரவில். முழுதாகப் பூத்த ஆப்பிளில் 28 டிகிரியில் பத்தில் ஒரு பூ சாகும். 25 டிகிரியில் பத்தில் ஒன்றுதான் பிழைக்கும். மூன்று டிகிரிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மண் காய்ந்திருந்தால் முந்தைய பகலிலேயே நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் சேர்த்து வைக்கும். மாலை சாயும் முன் துணியால் மூடி, தரைவரை இறக்கிக் கல் வையுங்கள். நமக்கு வேண்டிய வெப்பம் தரையிலிருந்து வருகிறது. மரத்தின் தலையில் மட்டும் குல்லாய் போட்டால் அது கீழ்வழியாக ஓடிவிடும். பிளாஸ்டிக் பூவைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். நீர் தெளித்துக் காக்கும் முறை பெரிய பழத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குரியது: நடுவில் நீர் நின்றால் ஆவியாதல் மரத்தை மேலும் குளிர்விக்கும், அதுவும் இந்த வறண்ட காற்றில். வீட்டுக் குழாயை நம்பி இறங்காதீர்கள். அதே இரவில் பாசன வால்வுக்குத் துணி சுற்றுங்கள். கோடைக்காக முன்கூட்டியே இயக்கிய கூலரின் தண்ணீர்க் குழாயை வடித்துவிடுங்கள்.

ஓரங்குல மழைக்குப் பத்தங்குலப் பனி என்பது சரியா?

குளிர்காலத்துக்குப் பொருந்தும் சராசரி. வசந்தத்தின் ஈரப்பனி பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு அங்குலம்தான் வரும். உயரம் குறைவாக இருக்கிறதே என்று பேஷியோ கூரையை அப்படியே விட்டுவிடாதீர்கள். பனி எவ்வளவு உயரமாக இருந்தாலும், அதில் அடங்கிய ஓரங்குல நீருக்குச் சதுர அடிக்கு ஐந்து பவுண்டுக்கு மேல் எடை.

இந்த மழையால் பாப்பி பூக்கள் பெருகுமா?

இந்த வருடப் பூவுக்கு இது பிந்திய மழை. விதை முளைத்தது இலையுதிர்கால, குளிர்கால ஈரத்தில். இப்போது பெய்வது, வெப்பம் உடனே ஏறாவிட்டால், பருவத்தைச் சில நாள் நீட்டிக்கும். புயலன்று லான்காஸ்டர் பக்கத்துப் பாப்பி காப்பகத்துக்குப் போனால் மூடிய மொட்டுகளைத்தான் பார்ப்பீர்கள். குளிரிலும் மேகமூட்டத்திலும் பாப்பி விரியாது. வெயில் திரும்பி, காற்று அடங்கிய நாளில் நடுப்பகலுக்குப் போங்கள்.