குப்பைக் கிடங்குக்கு அருகில் இருக்கும் மண்ணில் ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கிடங்கை ஒட்டிக் குடியிருக்கிறீர்கள், கொல்லையில் கீரை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மண்ணை ஒரு கவரில் அள்ளி லேபில் கொடுத்தால் விடை கிடைத்துவிடும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். பல வருடமாக மண் பரிசோதனையில் இருப்பவள் நான். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அளக்கும் ஐசிபி மெஷின், நீங்கள் கொடுத்த மண்ணுக்குத்தான் பதில் சொல்லும். அதை எங்கே எடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வீடு. ஈயம் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்ததும் அந்த அம்மா கிடங்கைத்தான் சொன்னார். சுமார் 350 ஏக்கர் குப்பை கண்ணெதிரே இருந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரே கவர் மண் சுவரோரப் பாத்தியில் எடுத்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கிடங்குப் பக்கம், சுவரோரம், தெருக்கோடி, அதே வகை மண் இருக்கும் தூரத்து இடம் என்று தனித்தனியாக எடுத்தேன். 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தபோது சுவரோர மண்ணில் மட்டும் பச்சைப் பொருக்குகள் தங்கின. ஜன்னல் கம்பியில் இருந்த பழைய பெயிண்டைச் சுரண்டி அங்கேயே கொட்டியிருக்கிறார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியே 2016இல்தான் வந்தது. ஈயம் அந்தச் சுவரோரத்தில்தான் உச்சம். கிடங்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடிவரும் வாய்க்காலோரத்தில் துத்தநாகமும் செம்பும் ஏறியிருந்தன.

உடனே கிடங்குக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தப் புகையை நானும்தான் சுவாசித்தேன். ஆனால் ஆதாரம் தப்பாக இருந்தால் அதிகாரி உங்கள் மனுவை ஒரே வரியில் தள்ளிவிடுவார். வாய்க்கால் விஷயமும் அதோடு போய்விடும்.

இத்தனையும் செய்தது நான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது ஏசி ரூமை விட்டு எழுந்திருக்காத ஒருவர். அந்த லேபில் சாம்பிள் எடுக்கப் போகும் பெண்களுக்கு பஸ் காசைக்கூட இழுத்தடித்துத்தான் தருவார்கள். இன்றைக்கும் ஆறவில்லை.

நீங்களே எடுப்பதானால் துத்தநாகப் பூச்சுப் போட்ட தகரக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். ஒவ்வொரு பகுதியிலும் பத்து இடத்தில் மேல்மண்ணை எடுத்துக் கலந்து, தனிக் கவரில் போட்டு இடத்தை எழுதுங்கள். தூரத்து மண் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஒப்பிட அதுதான் வழி. பாதரசமும் பார்க்க வேண்டுமென்றால் ஓவனில் காயவைக்கக் கூடாதென்று முன்பே சொல்லிவிடுங்கள், சூட்டில் ஆவியாகிப் போய்விடும். குரோமியத்துக்கு மொத்தமாக ஒரே எண் கொடுத்தால் அதில் ஹெக்ஸாவேலன்ட் என்ற குரோமிய வகை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கொடிய நஞ்சு அதுதான்.