கேளுங்கள், சொல்கிறோம்: படகுத்துறை ஜெட்டியில் ஆள் பழக்கம்

கேள்வி: ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்து, ராமேஸ்வரத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். பழக்கமானவர்கள் இல்லாததால் புதுப் படகு கிடைப்பதில்லை. விசிட்டிங் கார்டு கொடுத்தும் பலன் இல்லை. என்ன செய்வது?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஓனர்களையே சுற்றி வருகிறீர்கள் போலிருக்கிறது. இன்ஜின் சத்தம் மாறினால் முதலில் தெரிவது டிரைவருக்கு. யாரைக் கூப்பிடலாம் என்று ஓனர் கேட்பதும் அவரிடம்தான். முதலில் அவரிடம் பழகுங்கள்.

உங்கள் ஊரில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும். மீன் இறக்கும்போது போய் நிற்காதீர்கள். எடையும் விலையுமாக எல்லோரும் கொதித்துக்கொண்டிருப்பார்கள். டிரைவர் டீக்கடைக்கு வந்த பிறகு, "டெம்பரேச்சர் ஏறுச்சாண்ணே?" என்று கேளுங்கள், போதும். ஏறியிருந்தால் கடல்நீர் பம்பைத் திறந்து, உள்ளே சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். இறக்கை பிய்ந்திருந்தால் புதிதை மாட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. பிய்ந்த ரப்பர் துண்டு, இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைத்துக்கொண்டு மறுபடி சூடேற்றும். துண்டைத் தேடி எடுத்து அவர் கையிலேயே கொடுங்கள். கார்டை விட அது பேசும்.

படகுக்கு ஒரு பக்கமாக நோட்டுப் போடுங்கள்: பதிவு எண், இன்ஜின் மாடல், ஆயிலும் இம்பெல்லரும் மாற்றிய தேதி, டிரைவர் பெயர். இரண்டு தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) கழித்துப் போன் செய்து சூடு எப்படி என்று விசாரியுங்கள். அந்தப் போனில் புது வேலை கேட்காதீர்கள்.

டீசல் பம்ப் கேலிபரேஷனுக்கு, அதாவது டீசல் அளவைச் சரிசெய்ய, டெஸ்ட் பெஞ்ச் என்ற சோதனை மேஜை வேண்டும். நீங்களே திருகிப் பார்க்காமல், அதைச் செய்பவரிடம் ஓனரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்ஜின் வேலை வந்தால் அவரும் உங்களைச் சொல்வார். லேத் பட்டறையிலும் இப்படித்தான். ஸ்பேர் கடை பில்லை மட்டும் ஓனர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். கமிஷன் வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஜெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். இன்னொருவர் பார்த்த இன்ஜினைத் திறக்கும் முன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாளை இரண்டு ஆள் வேலை வந்தால் கைகொடுக்க அவர்தான் வர வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது தொடங்கிய பிறகு ஓவர்ஹால் (இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் வேலை) கேட்டு அலைவது தாமதம். மார்ச்சிலேயே நோட்டைப் பார்த்து, எது இந்தத் தடையில் செய்தே ஆக வேண்டும், எது அடுத்த வருஷம் வரை தாங்கும் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். தள்ளிப்போடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கை ஓனர் லேசில் விடமாட்டார். முடிக்க முடிகிற படகை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிற நாளில் இன்ஜின் பிரித்துக் கிடந்தால் சேர்த்த பெயர் போய்விடும்.

கேள்வி: கருவாடு வியாபாரம் செய்கிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் காலை வணக்கம் போட்டால் தொடர்பு வளருமா?
- வாசகி, மண்டபம்

பதில்: வளராது, மியூட்டில் போட்டிருப்பார்கள். என்ன கருவாடு, எத்தனை கிலோ, என்றைக்குக் காய்ந்தது, உப்பு எவ்வளவு, விலை என்ன என்று வெயிலில் எடுத்த படத்தோடு, முன்பு விசாரித்தவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். சரக்கு இல்லாத வாரம் சும்மா இருக்கலாம்.