அப்பாவின் அப்பாயிக்கு என்ன பேர்?

கேள்வி: செத்த பிறகு இரண்டு தலைமுறைக்குள் என்னை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்ற எண்ணம் ராத்திரி தூங்கவிடுவதில்லை. எனக்குப் பிள்ளைகளும் இல்லை. இதை எப்படித் தாண்டுவது?

முந்தைய வருஷம் ஆடி அமாவாசையன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்து இரண்டாவது வருஷம். ஐயர் வரிசையாகப் பேர் கேட்டார். அப்பா, தாத்தா, தாத்தாவுடைய அப்பா மூவரையும் சொல்லிவிட்டேன். அடுத்தது பெண்கள் வரிசை. அம்மா இருக்கிறார், அதனால் அப்பாயியிலிருந்து, அதாவது அப்பாவின் அம்மாவிலிருந்து, தொடங்க வேண்டும். அப்பாயி பேரைச் சொன்னேன். "அவங்க மாமியார் பேரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஏகப்பட்ட கூட்டம். "தெரியலையா? பரவாயில்ல, காவேரின்னு சொல்லிக்கங்க" என்றார். எள்ளையும் தண்ணீரையும் விட்டுவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த வரிசையில் மூன்று தலைமுறைக்குத்தான் இடம். அப்பா உயிரோடு இருந்து தர்ப்பணம் கொடுத்த காலத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா பேரையும் சொல்லியிருப்பார். இப்போது நான் கொடுக்கிறேன். அப்பா உள்ளே வந்துவிட்டார், அந்தப் பெரியவர் வெளியே போய்விட்டார். ஒரு நாள் நானும் அப்படித்தான் போவேன். நீங்கள் சொல்லும் பயம் அன்றைக்கு என்னையும் நன்றாகவே பிடித்தது. அதனால் உங்கள் கேள்வியைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

அன்று ராத்திரி அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் அக்கா, 84 வயது, ஞாபகம் நன்றாக இருக்கிறது. "அத்தை, உங்க அப்பாயி பேரு என்ன?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பாயின்னுதான்டா கூப்பிடுவோம். பேர் சொல்லி யாரு கூப்பிட்டா?" என்றார். மடியில் உட்கார்ந்து சோறு தின்ற பேத்திக்கே பேர் தெரியவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: "அந்தப் பெரிய தவலையில பேரு வெட்டியிருந்துச்சே."

அந்தத் தவலையை எனக்குத் தெரியும். கல்யாணச் சீராக வந்த பித்தளைத் தவலை. கழுத்துப் பக்கத்தில் உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதி எழுத்து மழுங்கியிருந்தது. 1991இல், நான் எட்டாவது படிக்கும்போது, அதை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் இரண்டு வாங்கினோம். சைக்கிள் கேரியரில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இப்போதும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

எங்கள் வீட்டுத் தவலை கிடக்கட்டும், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலையே பாருங்கள். பேர் நிலைக்க வேண்டும் என்பதற்கு ராஜராஜனைப் போல ஏற்பாடு செய்தவர் யார்? 1010 வாக்கில் கோயிலைக் கட்டி முடித்து, "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" தொடங்கி மற்றவர்கள் கொடுத்தது வரை அத்தனையையும் "கல்லிலே வெட்டுக" என்று ஆணையிட்டார். அவர் பேர் மட்டுமா இருக்கிறது? கோயிலில் ஆட அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பேர்கள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பது உட்பட இருக்கின்றன. விளக்குக்கு ஆடு பெற்றுக்கொண்ட இடையர்களின் பேர்களும் இருக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு; தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்தக் கணக்கில் சேரும், எண்ணிக்கை குறையவே கூடாது. அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பேர் வைத்தார்கள். சூரியனும் சந்திரனும் உள்ளவரை எரிய வேண்டிய விளக்கு அது. இந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவையும் மூப்பையும் பார்த்த மனிதர்கள், ஆட்டுக்காவது அது இரண்டும் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் என்ன ஆனது? சில நூறு வருஷத்தில் எழுத்து மாறிப்போனது, படிக்க ஆளில்லை. கரிகாலச் சோழன் கட்டிய கோயில் என்று தலபுராணம் சொன்னது, ஊரும் நம்பியது. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் வரிவரியாக ராஜராஜன் பேர் இருக்க, ஜனங்கள் அதைத் தொட்டுக்கொண்டே பிரகாரம் சுற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் அவற்றைப் படித்து வெளியிட்ட பிறகுதான் கட்டியவர் யார் என்பது தெளிவானது. ராஜராஜனுக்கே இந்த நிலை. இதைக் கேட்டு உங்களுக்கு வருத்தம் கூடுமோ என்னவோ, எனக்கு மனசு லேசானது. பிள்ளை இல்லாததாலோ சாதிக்காததாலோ உங்களுக்கு மட்டும் வரப்போகிற கதி என்று நினைத்துத் துவண்டுவிடாதீர்கள்.

குறுந்தொகையில் இதற்கு நேர்மாறான ஒரு கூட்டம் இருக்கிறது. பேர் போய்விட்டது, பாட்டு நிற்கிறது. தொகுத்தவர்களுக்கு எழுதியவர் யார் என்று தெரியவில்லை. தெரியாதே என்று பாட்டைத் தூக்கி எறியவும் இல்லை. பாட்டுக்குள் இருந்த ஒரு சொல்லையே எடுத்துப் பேராக வைத்தார்கள். அணிலாடு முன்றிலார், செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார் எல்லாம் அப்படி வந்த பேர்கள். அதில் ஒருவர் கல்பொரு சிறுநுரையார். காதலனைப் பிரிந்த பெண், பாறையில் மோதும் சின்ன நுரையைப் போல "மெல்ல மெல்ல இல்லாகுதுமே" என்கிறாள். இல்லாமல் போவதைப் பாடியவருக்கு அந்த நுரையே பேராகிவிட்டது. எத்தனையோ நூறு வருஷமாக அந்தப் பேரில்தான் இருக்கிறார்.

சரி, பாட்டு எழுதியவருக்குப் பாட்டு இருக்கிறது, அத்தையின் அப்பாயிக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அத்தை சொன்னார்: உலைக்கு அரிசி களையும் முன்னால் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பழக்கத்தை வீட்டில் ஆரம்பித்து வைத்தது அவர்தானாம். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்றுத்தான் என் தாத்தாவுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியிருக்கிறார். அப்பாயி அதைச் செய்தார், அம்மா இன்றைக்கும் செய்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் என் தங்கையும், குக்கரில் அரிசி வைக்கும்போது டம்ளரில் அளந்துவிட்டு ஒரு பிடியைத் திரும்ப எடுக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் அம்மா என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கை அசைவு அந்த அம்மாளுடையது. உங்களிடமிருந்தும் இப்படி ஏதாவது யாருக்காவது போயிருக்கும். அது உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை.

என் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். என்னை யார் நினைப்பார்கள் என்ற கவலை வரும்போதெல்லாம், நான் யாரை மறந்தேன் என்று தேடப் போகிறேன். அது எனக்கு உதவுகிறது. ஒரு நீள நோட்டு வாங்கினேன். அத்தையிடமும் ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர்களிடமும் கேட்டு, பேர், பிறந்த ஊர், என்ன வேலை செய்தார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று எழுதுகிறேன். இதுவரை 61 பேர். பிள்ளை இல்லாமல் போனவர்களை முதலில் எழுதினேன். அவர்களுக்குத் தண்ணீர் விட ஆளில்லை. ஆனாலும் படித்துறையில் கடைசியாக, பேர் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், யாருமே இல்லாமல் போனவர்கள் எல்லாருக்கும் என்று சொல்லி ஐயர் ஒரு கை தண்ணீர் விடச் சொன்னார். அதை நான் இப்போது கவனமாக விடுகிறேன்.

சில மாசம் கழித்து அத்தையே போன் செய்தார். "டேய், பேரு ஞாபகம் வரலடா. ஆனா தெருவுல எல்லாரும் கண்டியூராயி, கண்டியூராயின்னு கூப்பிடுவாங்க. அவங்க பொறந்த ஊரு கண்டியூரு." தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில்தான் கண்டியூர். அதைத் தாண்டித்தான் நான் அவர் பேர் தெரியாமல் படித்துறைக்குப் போயிருக்கிறேன். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு அதே ஐயர் கேட்டார். "கண்டியூராயி" என்றேன். "அது பேரா?" என்றார். "அப்படித்தான் கூப்பிட்டாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பேரையே சொல்லித் தண்ணீர் விடச் சொன்னார்.